திடலில் தலைவர், தாய்மொழியில் புதுமாணவர்: ஓன் ஜாபாரின் பள்ளி நாட்கள்

ஜொகூர் பாருவில் இருக்கும் மாணவர்களுக்குப் பண்டார் டத்தோ ஓன் என்ற பெயர் பழக்கமானது. கோலாலம்பூரில் ஜாலான் டத்தோ ஓன் என்று ஒரு சாலையும் உண்டு. வரலாற்றுப் பாடத்தில் மலாயன் யூனியன் பகுதி வந்ததும் டத்தோ ஓன் ஜாபாரின் பெயர் வரும். 1946, அம்னோ, முதல் தலைவர் என்று கோடிட்டுப் படிப்போம். தேர்வில் எழுதுவோம். அதோடு அவரை விட்டுவிடுவோம்.

நான் ஜொகூரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். மாலை வேளையில் திடலிலும் மாணவர்களோடு நிற்பவன். ஆண்டுதோறும் சில மாணவர்கள் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். காற்பந்துப் பயிற்சியும் தமிழ் வகுப்பும் ஒரே நாளில் வருகின்றன. எதை விடுவது என்பதே அந்தக் கேள்வி. பெரும்பாலும் தமிழை விடுவது என்று முடிவு செய்துவிட்டே வருவார்கள். என்னிடம் கேட்பது ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். அவர்களுக்கு நான் அறிவுரை சொல்வதைவிட, ஓன் ஜாபார் படித்த கதையைச் சொல்வதே வழக்கம். அந்தக் கதையை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

மந்திரி பெசாரின் மகன்

ஓன் 1895ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் ஜொகூரில் பிறந்தார். அவருடைய தந்தை ஜாபார் ஹாஜி முகமட், ஜொகூரின் முதல் மந்திரி பெசார். 1886இல் பதவியேற்று 1919இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர். தாயார் ரொகாயா ஹானும், துருக்கிய ஒட்டோமான் பேரரசிலிருந்து ஜொகூர் வந்த சர்க்கேசிய இனப் பெண்மணி. ஓன் பிறந்த அதே ஆண்டில்தான் சுல்தான் இப்ராஹிம் அரியணை ஏறினார். சுல்தான் சிறுவன் ஓனைத் தம் வளர்ப்புப் பிள்ளைபோல் நடத்தினார். அரச பிள்ளைகளோடு பிள்ளையாக அவர் வளர்ந்தார்.

அன்றைய ஜொகூரைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். சிங்கப்பூருக்குப் பாலம் கிடையாது. கடற்பாலம் 1924இல்தான் முறையாகத் திறக்கப்பட்டது. ஜொகூர் வழியாகச் செல்லும் இரயில் பாதை 1909இல்தான் முடிந்தது. இன்று மக்தாப் சுல்தான் அபு பாக்கார் என்று நாம் அறியும் ஜொகூர் பாரு இங்கிலீஷ் காலேஜ் 1914இல்தான் தொடங்கியது. ஓன் படிக்க வேண்டிய வயதில் அந்தக் கல்லூரி இல்லை. மலாய்ப் பள்ளியில் தொடக்கக் கல்வியைப் பெற்ற பிறகு, 1904இல் அவர் சுல்தானின் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு 9 வயது.

இன்று ஒன்பது வயதுப் பிள்ளையைத் தங்கும் விடுதியில் விடுவதற்கே பெற்றோர் யோசிப்பார்கள். அன்று சுவெஸ் கால்வாய் வழியாகக் கப்பலில் போய்ச் சேரப் பல வாரங்கள் ஆகும். விமானம் இல்லை, கைப்பேசி இல்லை. வீட்டிலிருந்து ஒரு கடிதம் வரவும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிறுவன் ஓன் அந்தத் தூரத்தில் 6 ஆண்டுகள் இருந்தார்.

கடற்கரைப் பள்ளியும் இரு குழுக்களும்

அவர் சேர்ந்தது ஆல்டிபரோ லாட்ஜ் என்ற பள்ளி. இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்தில், வட கடலை ஒட்டிய சிற்றூர் ஆல்டிபரோ. குளிர்காற்று வீசும் கடற்கரை. அந்தப் பள்ளி பின்னாளில், 1937இல், வேறு இடத்துக்கு மாறி ஆர்வெல் பார்க் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

அக்காலத்து ஆங்கிலேய விடுதிப் பள்ளிகளில் விளையாட்டு விருப்பப் பாடமாக இருக்கவில்லை. காலையில் இலத்தீன், கணிதம், பிற்பகலில் திடல். குளிர்காலம் என்றால் காற்பந்து, கோடைக்காலம் என்றால் கிரிக்கெட். விளையாட வராத பையனைச் சோம்பேறி என்று கருதுவார்கள். நல்ல கிரிக்கெட் வீரனுக்குப் பள்ளியில் இருக்கும் மரியாதை, முதல் மதிப்பெண் வாங்குபவனுக்குக்கூட இருக்காது. அந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள்தாம் பின்னர் ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்குப் போவார்கள். அங்கிருந்து ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் ஆள அதிகாரிகளாகக் கப்பல் ஏறுவார்கள். கட்டளை இடவும், கட்டளைக்குக் கீழ்ப்படியவும் திடலிலேயே பழக்கிவிட வேண்டும் என்பது அந்தக் கல்வியின் நோக்கம். நம் பள்ளிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விளையாட்டு இல்லங்களாகப் பிரிந்து போட்டியிடுகிறோமே, அந்தப் பழக்கமும் அங்கிருந்துதான் இங்கே வந்தது.

அந்த நாட்களில் விளையாட்டு உலகமே வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஓன் இங்கிலாந்து சென்ற அதே 1904இல் ஃபிஃபா அமைப்பு பாரிசில் தோன்றியது. 1908இல் இலண்டனில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. மாரத்தான் ஓட்டத்தின் தூரமாக இன்று நாம் சொல்லும் 42.195 கிலோமீட்டர் அந்தப் போட்டியில் ஓடிய தூரம்தான். கிரிக்கெட்டில் ரஞ்சித்சிங்ஜி என்ற இந்தியரின் பெயரை அறியாத ஆங்கிலேயச் சிறுவன் அன்று இருந்திருக்க மாட்டான். கேம்பிரிட்ஜ் மாணவராக 1893இல் பல்கலைக்கழகக் குழுவில் இடம்பிடித்து, 1896இல் இங்கிலாந்துக்காகவே ஆடியவர் அவர். பழுப்புத் தோல் கொண்ட ஒருவரும் மட்டையைப் பிடித்து நின்றால் வெள்ளைக்காரக் கூட்டம் எழுந்து கைதட்டும் என்பதை அவர் காட்டியிருந்தார். ஆனால், அதே கூட்டம் திடலுக்கு வெளியே அவருடைய நாட்டை ஆண்டுகொண்டிருந்தது என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

ஆல்டிபரோவில் ஓன் விளையாட்டில் சிறந்து விளங்கினார். பள்ளியின் கிரிக்கெட் குழுவுக்கும் காற்பந்துக் குழுவுக்கும் அவரே தலைவரானார்.

இரண்டுக்கும் தலைவர் என்பதை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரிக்கெட்டில் தலைவரின் வேலை பெரும்பாலும் மூளைக்குரியது. யார் பந்து வீசுவது, யாரை எங்கே நிறுத்துவது, எப்போது மாற்றுவது என்று ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். முடிவு தவறினால் எல்லார் கண்ணும் தலைவர் மீதுதான் விழும். காற்பந்தில் யோசிக்க நேரமே இருக்காது. ஓடிக்கொண்டே பத்துப் பேரைத் தட்டிக்கொடுக்க வேண்டும். கோபப்படுபவனை அடக்க வேண்டும். ஆங்கிலேயப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில், ஜொகூரிலிருந்து வந்த ஒரு மலாய்ச் சிறுவனின் சொல்லை மற்றவர்கள் கேட்டார்கள் என்றால், அந்தச் சொல்லுக்கு அவர் எவ்வளவு உழைத்துத் தகுதி தேடியிருக்க வேண்டும்!

கோலகங்சாரில் மீண்டும் மாணவர்

1910இல் ஓன் நாடு திரும்பினார். வயது 15. ஆங்கிலம் தண்ணீர்போல் வந்தது. இரண்டு குழுக்களை வழிநடத்திய அனுபவம் இருந்தது. அரசாங்க வேலைக்குக் குறையென்ன என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஒரு குறை இருந்தது. அவருக்கு மலாய் மொழி சரியாக வரவில்லை. 9 வயதில் விட்டுப்போன மொழி, 15 வயதில் திரும்பியபோது அப்படியே காத்திருக்கவில்லை. அவருடைய மலாய்த் தேர்ச்சி போதாது என்று ஆசிரியர்கள் கருதினார்கள். அதனால் அவர் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் உள்ள மலாய்க் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். 1910 முதல் 1911 வரை ஓராண்டு அங்கே படித்தார்.

அந்தக் கல்லூரி அப்போது புதிது. கூட்டு மலாய் மாநிலங்களின் கல்வி ஆய்வாளராக இருந்த ஆர்.ஜே. வில்கின்சனின் முயற்சியால் 1905ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கப்பட்டது. அதற்கு முன் பினாங்கு ஃபிரீ பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வில்லியம் ஹார்கிரீவ்ஸ் முதல் தலைமையாசிரியர். மலாய் அரச குடும்பத்துப் பிள்ளைகளையும் உயர்குடிப் பிள்ளைகளையும் அரசாங்கப் பணிக்குத் தயார்செய்வது அதன் நோக்கம். விடுதி வாழ்க்கை, வகுப்பு, திடல் என்று ஆங்கிலேயப் பள்ளிகளின் சாயலிலேயே அது அமைந்தது. கிழக்கின் ஈட்டன் என்று அதற்குப் பட்டப்பெயரும் வந்தது.

வெளித்தோற்றத்தில் ஓனுக்கு அது பழகிய உலகம்தான். அங்கும் விடுதி, இங்கும் விடுதி. அங்கும் திடல், இங்கும் திடல். ஆனால், இங்கே சுற்றியிருந்த பையன்கள் எல்லாரும் மலாய்க்காரர்கள். அவர்கள் சிரித்ததும் கிண்டல் செய்ததும் சண்டை போட்டதும் மலாயில். சாப்பாட்டு மேசையிலும் ஆற்றங்கரையிலும் ஓயாமல் காதில் விழுந்த மொழி அது.

இந்த இடத்தில்தான் என் மாணவர்களை நிறுத்தி யோசிக்கச் சொல்வேன். ஆங்கிலேயர் பள்ளியில் இரண்டு குழுக்களுக்குத் தலைவராக இருந்த ஒருவர், தம் சொந்த நாட்டில், சொந்த இனத்துப் பையன்களுக்கு நடுவே, சொந்த மொழியைத் தடுமாறிப் பேச வேண்டிய நிலை. 15 வயதில் அது எப்படி இருந்திருக்கும்? ஆங்கிலம் இருக்கிறதே, இனி மலாய் எதற்கு என்று அவர் கேட்டிருந்தால் அன்றைய நிலையில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆட்சி ஆங்கிலேயர் கையில். உயர்ந்த வேலைக்கு வேண்டியது ஆங்கிலம். இருந்தும் அவர் திரும்பவும் மாணவராக உட்கார்ந்தார்.

அந்த ஓராண்டோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. அவர் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. 1911இல், 16 வயதில், ஜொகூர் அரசாங்க அலுவலகத்தில் பயிற்சி எழுத்தராகச் சேர்ந்தார். மந்திரி பெசாரின் மகன், பள்ளிக் குழுத் தலைவர் என்ற பெருமைகளோடு அடிமட்ட மேசையில் வேலை தொடங்கியது. 1917இல் ஜொகூர் இராணுவப் படையில் அதிகாரியானார். பிறகு மீண்டும் அரசாங்கப் பணி.

பேனாவுக்கு வந்த மொழி

மீண்டும் கற்ற மொழி எதற்குப் பயன்பட்டது என்பது இருபது ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

1927இல் சிங்கப்பூர் ஆங்கில இதழ் ஒன்றில் ஜொகூர் ஆட்சியை விமர்சித்து ஓன் எழுதினார். விளைவு, அவர் ஜொகூரை விட்டு வெளியேற நேர்ந்தது. பதவி போயிற்று, ஊரும் போயிற்று. சிங்கப்பூரில் தங்கியவருக்கு 1930இல் வார்த்தா மலாயா என்ற மலாய் நாளிதழின் ஆசிரியர் பொறுப்பு கிடைத்தது. 1934இல் லெம்பாகா மலாயா இதழையும் அவர் நடத்தினார். ஜாவி எழுத்தில் வந்த அந்த இதழ்கள் வழியாக, மலாய்க்காரர்களின் வறுமை, கல்வி, நில உரிமை என்று பலவற்றைப் பற்றியும் எழுதினார்.

15 வயதில் மலாய் போதாது என்று சொல்லப்பட்டவர், 35 வயதில் ஒரு மலாய் நாளிதழின் ஆசிரியர்! இடையில் எத்தனை நூல்களைப் படித்திருப்பார், எத்தனை பக்கங்களை எழுதி எழுதித் திருத்தியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். சுல்தானின் அழைப்பின்பேரில் 1936இல் அவர் ஜொகூர் திரும்பினார்.

அதைவிடப் பெரிய சோதனை பத்து பகாட்டில் வந்தது. 1945இல் ஜப்பானியர் சரணடைந்த பிறகு, அந்த வட்டாரத்தில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே இரத்தக் களரி ஏற்பட்டது. மலாய்த் தரப்பில் கியாய் சாலே என்ற சமயத் தலைவரின் பின்னால் பெருங்கூட்டம் திரண்டு நின்றது. அப்போது பத்து பகாட் மாவட்ட அதிகாரி ஓன். அவர் நேரில் சென்று கியாய் சாலேயிடம் பேசித் தாக்குதலைத் தடுத்தார். கொதித்து நிற்கும் கூட்டத்தை நிறுத்தும் துணிவை அவருக்குத் திடல் பழக்கியிருக்கலாம். ஆனால், அந்தக் கிராமத்து மக்களின் மனத்தைத் தொட்ட பேச்சு மலாய்ப் பேச்சு. ஆல்டிபரோவில் கற்ற ஆங்கிலம் அங்கே ஒரு கத்தியைக்கூட உறைக்குள் போட வைத்திருக்காது.

அதன் பிறகு நடந்தது பாடநூலில் உள்ளது. மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்து மலாய்ச் சங்கங்கள் ஒன்றுகூடின. 1946ஆம் ஆண்டு மே 11ஆம் நாள், ஜொகூர் பாரு இஸ்தானா பெசாரில் அம்னோ தோன்றியது. ஓன் அதன் முதல் தலைவர். 1947 முதல் 1950 வரை, தம் தந்தை வகித்த அதே மந்திரி பெசார் பதவியிலும் இருந்தார்.

தோற்ற ஆட்டம்

தலைவர் என்றால் எப்போதும் வெற்றிதான் என்று எண்ணிவிடாதீர்கள். ஓனின் கதையில் பெரிய தோல்வியும் உண்டு. அந்தத் தோல்வியில் நம் சமூகத்துக்கும் தொடர்பு உண்டு.

1949இல் சமூகத் தொடர்புக் குழு என்று ஒன்று அமைந்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் எனப் பல இனத் தலைவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து மனம்விட்டுப் பேசிய குழு அது. ஓன் அதில் முக்கிய உறுப்பினர். குழுவுக்குத் தலைமை வகித்தவர் இ.இ.சி. துரைசிங்கம் என்ற இலங்கைத் தமிழர். இவரே 1951இல் மலாயாவின் கல்வித் துறைக்குப் பொறுப்பேற்றார். அதே நேரத்தில் ஓன் உள்துறைக்குப் பொறுப்பேற்றார்.

அந்தக் காலத்தில்தான் அம்னோவின் கதவை எல்லா இனத்தவருக்கும் திறக்க வேண்டும் என்று ஓன் முன்மொழிந்தார். கட்சி ஏற்கவில்லை. 1951 ஆகஸ்டில், தாம் முதல் தலைவராக இருந்து வளர்த்த கட்சியிலிருந்தே அவர் விலகினார். செப்டம்பரில் எல்லா இனத்தவருக்கும் இடமளிக்கும் மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். ம.இ.கா. அன்று அவருக்கு ஆதரவளித்தது. ஆனால், 1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில், 12 இடங்களில் அம்னோ-ம.சீ.ச. கூட்டணி 9 இடங்களை வென்றது. ஓனின் கட்சிக்குக் கிடைத்தவை 2. பின்னர் அவர் தொடங்கிய பார்ட்டி நெகாரா, 1955 பொதுத்தேர்தலில் ஓர் இடத்தைக்கூடப் பெறவில்லை. சொந்த ஊரான ஜொகூர் பாருவிலேயே அவர் தோற்றார்.

அவருடைய அரசியல் முடிவுகள் சரியா தவறா என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். பார்ட்டி நெகாரா காலத்தில் அவர் மீண்டும் மலாய்க்காரர் உரிமை என்ற பக்கமே சாய்ந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நான் கவனிப்பது வேறொன்றை. தோற்ற பிறகும் அவர் திடலை விட்டு ஓடவில்லை. 1959இல், 64 வயதில், கோலத் திரங்கானு தெற்குத் தொகுதியில் நின்று வென்று, சுதந்திர நாட்டின் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 1962 சனவரி 19இல் இறக்கும்வரை அவர் நாடாளுமன்ற உறுப்பினர். ஜொகூர் பாரு மஹ்மூடியா அரச அடக்கத்தலத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். ஓன் படிக்கும் வயதில் இல்லாத அந்த இங்கிலீஷ் காலேஜில், அவருடைய மகன் ஹுசேன் ஓன் படித்தார். 1976இல் நம் நாட்டின் மூன்றாவது பிரதமரானார்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு

இப்போது காற்பந்தா, தமிழா என்ற கேள்விக்கு வருகிறேன்.

விளையாட்டை விடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு இருக்கிறது என்பது ஒரு காரணம். ஆனால், அது சிறிய காரணம். பத்துப் பேரை நம்ப வைக்கும் திறனும், தோற்ற மறுநாள் பயிற்சிக்கு வந்து நிற்கும் மனமும் புத்தகத்தில் கிடைக்காதவை. ஓனுக்கு அவை திடலில் கிடைத்தன.

தமிழை விடும் மாணவர்கள் சொல்லும் காரணங்களையும் நான் குறை சொல்வதில்லை. பல இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் வகுப்பு பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்கிறது. சனிக்கிழமை காலையில் நண்பர்கள் திடலில் இருக்கும்போது வகுப்பறையில் உட்காருவது எளிதன்று. எஸ்.பி.எம். தேர்வில் கூடுதலாக ஒரு பாடம் என்பது சுமைதான். விடுதியுள்ள பள்ளிக்குப் போய்விட்டால் தமிழ் ஆசிரியரே இல்லாமலும் போகலாம்.

ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓன் தம் மொழியை 6 ஆண்டுகள் விட்டிருந்தார். மீட்டுக்கொள்ள அவருக்கு ஒரு கல்லூரி இருந்தது. அனுப்பிவைக்கக் குடும்பம் இருந்தது. சுற்றிலும் அந்த மொழி பேசும் விடுதி இருந்தது. முதலாம் படிவத்தில் தமிழை விடுபவருக்கு ஐந்தாம் படிவம் முடியும்போது 5 ஆண்டுகள் ஆகிவிடும். மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழகம் என்று போனால் 10 ஆண்டுகளாகும். அதற்குப் பிறகு அனுப்பிவைக்க நமக்கு ஒரு கோலகங்சார் இல்லை.

பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கும் ஒரு சொல். பள்ளியில் தமிழை விட்டுவிட்டோமே, இனி என்ன செய்வது என்று சிலர் வருந்துகிறீர்கள். 15 வயதில் மீண்டும் தொடங்கிய ஒருவர் 35 வயதில் நாளிதழ் ஆசிரியரானார். நாளுக்கு ஒரு பக்கம் தமிழ் நாளிதழ் படியுங்கள். வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதி, தெரிந்தவரிடம் காட்டித் திருத்துங்கள். தடுமாறிப் பேசும்போது யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

பயிற்சி நேரமும் வகுப்பு நேரமும் மோதினால், இரண்டு ஆசிரியர்களிடமும் நீங்களே போய்ப் பேசுங்கள். ஒரு மணி நேரம் முன்னே பின்னே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நான் பார்த்தவரை, கேட்கும் மாணவருக்குப் பெரும்பாலும் வழி பிறக்கிறது. குழுத் தலைவராக இருப்பவர் கேட்டால் இன்னும் எளிது. குழுவில் இருக்கும் மற்ற தமிழ் மாணவர்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். அதுவும் தலைவரின் வேலைதானே!